காலஞ்சென்ற விஜயகாந்த் அவர்களும் சிறு கட்சிக்கு அளித்த வாக்கும்

(தாம்பரத்தில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



காலஞ்சென்ற திரு. விஜயகாந்த் அவர்களின் ராஜீய வாழ்வைக் குறித்து இக்கூட்டத்தில் சில சொல்லுமாறு நமது காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, அங்கத்தினருள் சிலர் ஓர் ஆட்சேபம் கிளப்பினர். அவர் நம் குலத்தவர் அல்லர். நமது சங்கத்துக்கென அவர் செய்த தனி உபகாரம் யாதும் இல்லை. சங்கமோ எக்கட்சியையும் சார்ந்ததன்று. அங்ஙனமிருக்க, ஒரு சிறு கட்சித் தலைவரின் வரலாற்றை இங்கே விரிப்பானேன் என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. ஆகையால் அதற்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்லுகிறோம்.

நமது அங்கத்தினருட் பெரும்பாலார் தென் ஜில்லாக்களிலிருந்து ஜீவனோபாயம் தேடி ரயிலேறித் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியவர்களும் அவர்தம் மக்களுமே ஆவர். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் மனை வாங்கிக் குடியேறி இவ்வூர் வாக்காளரானவர்கள். 2006-லும் 2009-லும் இவ்வீடுகளிலிருந்து முரசுச் சின்னத்துக்கு விழுந்த வாக்குகள் கொஞ்சமல்ல. தகப்பனார் தாம் வழக்கமாய் ஆதரிக்கும் பெருங்கட்சிக்கும், மைந்தர் முரசுக்குமாகப் பிரிந்து வாக்களித்த குடும்பங்கள் இக்கூட்டத்திலேயே பல உண்டு. கொடுத்த பொருள் என்னவாயிற்று என்று விசாரிக்கக் கொடுத்தவருக்கு உரிமை இல்லையா? இஃது ஒரு காரணம்.

மற்றொன்று இதனினும் முக்கியமானது. தேர்தல் நெருங்குந்தோறும் கட்சிக்காரர் ஜாதிச் சங்கங்களின் வாயிலில் வந்து நின்று, உங்கள் வாக்கை மொத்தமாக எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நமது வாலிபர் சிலரும், சங்கம் ஏதேனும் ஒரு கட்சிக்கு முன்கூட்டியே உறுதி கூறவேண்டும் என்று ஒரு தீர்மானத்தை எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கின்றனர். அதனைச் சபை ஆராயுமுன், இலக்ஷக்கணக்கான வாக்கைக் கையிற் பெற்ற ஒருவர் அதனை எங்ஙனம் ஆண்டார், எங்ஙனம் இழந்தார் என்று அறிவது நலம்.

அவரைப்பற்றி இரண்டு பேச்சுக்கள் நாட்டில் உலவுகின்றன. சினிமா மோகத்தால் வந்தார், மோகம் தீர்ந்ததும் போனார் என்பது ஒன்று. சூழ்ச்சியாளர் கெடுத்திராவிட்டால் முதன் மந்திரியாகவே ஆகியிருப்பார் என்பது மற்றொன்று. முதற்பேச்சு அவருக்கு வாக்களித்த ஏழை ஜனங்களை மூடராக்குகிறது. இரண்டாவது பேச்சு அவரையே மூடராக்குகிறது. இரண்டையும் நாம் ஒப்புவதற்கில்லை.

அவர் 1952-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி மதுரைச் சீமையிற் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் விஜயராஜ். தகப்பனார் மதுரையில் அரிசி ஆலை நடத்தியவர். 1979-இல் படவுலகிற் புகுந்து, 1981-இல் வெளிவந்த 'சட்டம் ஒரு இருட்டறை'யால் பெயர் பெற்று, 1991-இல் தமது நூறாவது படமான 'கேப்டன் பிரபாகரன்' வாயிலாகக் கேப்டன் என்னும் பட்டத்தையும் நிலையாக அடைந்தார். நடிகர் சங்கத் தலைவராயிருந்த காலத்தில், கடனில் மூழ்கிக் கிடந்த அச்சங்கத்தை, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலை நிகழ்ச்சிகள் நடத்திப் பொருள் திரட்டி மீட்டார். சங்கம் நடத்துகின்ற நமக்கு இதன் அருமை விளங்கும். சந்தாப் பாக்கியையே வசூலிக்க மாட்டாமல் நாம் படும் பாடு காரியதரிசி அவர்களுக்குத் தெரியும்.

2005-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி மதுரையில் மகாநாடு கூட்டித் தேசிய முற்போக்கு திராவிட கழகத்தைத் தொடங்கினார். எட்டு மாதத்துக்குள் சட்டசபைத் தேர்தல் வந்தது. கூட்டணி தமக்கு ஜனங்களோடும் தெய்வத்தோடுமே என்று கூறி, ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்தே ஆட்களை நிறுத்தினார். பெற்ற வாக்கு 27 லக்ஷத்துக்கு மேல், நூற்றுக்கு 8.4 வீதம். வென்ற இடமோ ஒன்றே ஒன்று. விருத்தாசலத்தில் தாம் மட்டும் வென்றார். அவ்விடமும் எத்தன்மையது? அவர் பிறந்த ஊருக்கு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது; மற்றொரு கட்சி தன் குல வாக்கின் கோட்டையென மதித்திருந்தது. அங்கே அவர் எக்குலத்திற் பிறந்தவர் என்று கேட்டு வாக்களித்தவர் எத்தனை பேர் இருக்க முடியும்? ஜாதிச் சங்க மேடையில் நின்று இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஜாதியைக் கூறாமல் ஒருவர் பெற்ற 27 லக்ஷம் வாக்கு, ஜாதியைக் கூறியே கட்சி நடத்தியவர்கள் தனித்து நின்று பெற்றறியாத தொகையாகும்.

இனிக் கணக்கைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். நமது விஷயமெல்லாம் இக்கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. அதே 2006-ஆம் வருஷத் தேர்தலில் பாட்டாளி மக்கள் கட்சி நூற்றுக்கு 5.7 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே பெற்றது. ஆனால் சபையில் 18 இடங்களைப் பிடித்தது. எட்டுக்கு மேல் பெற்றவருக்கு ஓரிடம். ஆறு கூடப் பெறாதவருக்குப் பதினெட்டிடம்! இஃது என்ன நியாயம் என்று அன்று பலர் திகைத்தனர். நமது தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் யாவரினும் ஒரு வாக்கு அதிகம் பெற்றவரே பிரதிநிதி. மற்றவர் பெற்ற வாக்கனைத்தும் பெட்டியோடு நின்றுவிடும். நால்வர் போட்டியிட்டு, நூறில் நாற்பது பெற்றவர் வென்றால், எஞ்சிய அறுபதுக்கும் சபையிற் குரலில்லை. ஆகவே நாடெங்கும் சிதறிய எட்டைவிட, நாலைந்து ஜில்லாக்களில் குவிந்து கிடந்து, மேலும் ஒரு பெருங்கட்சியின் துணையும் பெற்ற ஐந்து அதிக இடங்களைக் கொண்டுவரும். ஜாதி வாக்குக்குப் பலம் தொகையினால் வருவதன்று, குவிந்திருப்பதனால் வருவது.

2009-இல் அவர் பாராளுமன்றத் தேர்தலிலும் தனித்தே நின்றார். வாக்கு 31 லக்ஷம் அளவுக்கு உயர்ந்தது. நூற்றுக்குப் பத்து வீதத்தைத் தொட்டது. இடமோ பூஜ்யம். இக்கணக்கைக் கண்டபின் எந்தத் தலைவருக்குத்தான் மனம் தளராது? ஊர் ஊராகக் கொடி கட்டிய தொண்டன், நாம் எப்பொழுது வெல்லுவோம் என்று கேட்பானன்றோ? ஆதலின் 2011-இல் அவர் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தோடு உடன்பட்டதை வாக்குத் தவறிய துரோகம் என்று கூறுவோரோடு நாம் முழுதும் சேர மாட்டோம். 41 இடங்களில் நின்று 29 இடங்களில் வென்றார். ஆட்சியிலிருந்து இறங்கிய திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றது 23. பெருங்கட்சிக்குத் தனித்தே 150 இடங்கள் கிடைத்தமையால் ஆட்சிக்கு இவர் தயவு தேவைப்படவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் பதவியோ தானாக இவர் மடியில் வந்து விழுந்தது. கட்சி தொடங்கி ஆறாண்டு நிரம்புமுன் இப்பதவியை அடைவது எளிய காரியமா?

இங்கேதான் நமது பிரதான வழக்கு இருக்கிறது. கூட்டணி சேர்ந்தது பிழையன்று. சேர்ந்தபின் கிடைத்த பதவியை ஆளாதொழிந்ததே பிழை. மே மாதம் முடிந்த தேர்தலின் ஈரம் காயுமுன், அக்டோபர் மாத ஸ்தல ஸ்தாபனத் தேர்தலிலேயே உறவு முறிந்தது. நவம்பரில் பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறின. 2012 பிப்ரவரி தொடக்கத்தில் சட்டசபையில் அது பற்றி எழுந்த வாதம் கைநீட்டும் சச்சரவாக முடிந்து, அவர் சில நாட்களுக்குச் சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அன்று அவர் எழுப்பிய வினா ஏழைகளின் வினாவே. ஆயினும் வினா மறைந்தது; அவர் கோபமே நாடெங்கும் பேச்சாயிற்று. அதன்பின் சபையில் அவரைக் கண்ட நாட்கள் மிகச் சில. எதிர்க்கட்சித் தலைவர் என்பவர் சம்பளமும் வாகனமும் பெறும் அலங்காரப் பதவியினர் அல்லர். மந்திரிகளை எழுந்து நின்று விடை கூறச் செய்யும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. அந்நாற்காலி வெறுமையாக இருந்தால் கெடுவது அவர் கட்சி மாத்திரமன்று.

நமது பகுதியின் அனுபவத்தையே பாருங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டு அடையாற்றில் வெள்ளம் பெருகியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வீட்டார் மொட்டை மாடியிலும், மாடியில்லாதார் அயலார் மாடியிலும் ஒதுங்கியதை இங்கே அறியாதவர் இல்லை. ஏரி நீர் ஏன் முன்னரே சிறுகச் சிறுக விடப்படவில்லை என்பது நம் வீடுதோறும் எழுந்த வினா. அன்று எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி விஜயகாந்த் அவர்களுடையது. அவர் வெள்ளப் பகுதிகளை நேரிற் சென்று பார்த்தார், ஜனங்களின் துயரம் கண்டு மனமுருகினார், அதில் ஐயமில்லை. மனமுருக வேறு பலரும் இருந்தனர். சபையில் ஏடுகளை வரவழைத்துக் கேட்கும் பதவி அவர் ஒருவருக்கே இருந்தது. அவ்வெள்ளத்துக்கு ஏரி நீரைத் திறந்துவிட்ட முறையும் மனிதர் செய்கையுமே காரணம் என்று கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்டது 2018-ஆம் வருஷத்திலே. அப்பொழுது அவர் கட்சிக்குச் சபையில் ஒருவர் கூட இல்லை.

கட்சியின் உட்புறமும் கரையான் அரித்தது போலாயிற்று. 2011-இல் நம் அயலிலுள்ள ஆலந்தூரில் முரசுச் சின்னத்தில் வென்றவர், அக்கட்சியின் அவைத்தலைவராயிருந்த பண்ருட்டி ராமச்சந்திரன் அவர்கள். பழைய மந்திரி, அனுபவசாலி. அவர் 2013 டிசம்பரில் கட்சியையும் பதவியையும் ஒருங்கே துறந்தார். அடுத்த ஆண்டு அத்தொகுதியில் இடைத்தேர்தல் வந்து, அதனை அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் கைக்கொண்டது. அதற்கு முன்னரே 2012-இலிருந்து சட்டசபை அங்கத்தினர் சிலர் முதன் மந்திரியைக் கண்டு கும்பிட்டு அப்பக்கம் சாய்ந்திருந்தனர். 2016 பிப்ரவரியில் அவர்களும் ராஜிநாமாச் செய்தனர். 234 பேர் கொண்ட சபையில் பத்திலொரு பங்காகிய 24 பேர் இல்லாமற் போகவே, எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் நழுவியது. அதே மாதத்தில்தான் காஞ்சிபுரத்தை அடுத்த வேடலில் பெரிய மகாநாடு கூட்டி, தாம் அரசனாக வேண்டுமா, அரசரை ஆக்குபவராக வேண்டுமா என்று அவர் ஜனங்களைக் கேட்டார். ஜனங்கள் ஆரவாரித்தனர். மே மாதத்தில் 104 இடங்களில் நின்று ஒன்றிலும் வெல்லாமல், நூற்றுக்கு 2.4 வீதத்தோடு கட்சி ஒதுங்கியது. உளுந்தூர்ப்பேட்டையில் நின்ற அவரும் மூன்றாமிடம் பெற்று வைப்புத்தொகை இழந்தார். இடையில் 2014-இல் பாரதிய ஜனதாக் கட்சியோடு சேர்ந்து 14 இடங்களில் நின்றதும், பின்னர் 2021-இல் வேறொரு சிறு கட்சியோடு சேர்ந்து 60 இடங்களில் நின்று நூற்றுக்கு அரை வீதமும் எட்டாமற் போனதும் விரித்துரைக்கத் தக்கவையல்ல.

சுற்றியிருந்தோரே கெடுத்தனர் என்று அவருடைய அன்பர்கள் கூறுவர். சுற்றியிருந்தோரைச் சேர்த்துக்கொண்டவர் யார்? மனைவியாரும் மைத்துனரும் கட்சியின் கடிவாளத்தைப் பிடித்திருந்தனர் என்பது மறைபொருள் அன்று. 2006-இல் ஊர்தோறும் அவருக்காகப் பசித்திருந்து வேலை செய்த ரசிகர் மன்றத்து வாலிபன், கிளைக் காரியதரிசியாகவும் பின் நகர சபை அங்கத்தினராகவும் படிப்படியாக ஏறுவதற்கு ஏணி ஒன்று கட்டப்படவே இல்லை. எல்லாம் தலைவர் ஒருவரின் முகத்தில் தொங்கியது. முகம் நோயால் வாடியதும் கட்சியும் வாடிற்று.

இது புதிய கதையன்று. ஜாதிச் சங்கத்தார் மறக்கலாகாத பழைய கதை ஒன்று உண்டு. 1952-ஆம் வருஷத் தேர்தலில் வன்னியகுல சங்கத்தாரிடையே எழுந்த இரண்டு கட்சிகள் நின்றன. தென்னார்க்காடு, சேலம் பக்கத்தில் எஸ். எஸ். ராமசாமி படையாச்சியார் தலைமையில் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், நமது செங்கற்பட்டு ஜில்லாவிலும் வடஆர்க்காட்டிலும் மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றன. காங்கிரஸுக்கு மெஜாரிட்டி இல்லை. ராஜாஜி மந்திரிசபையில் நாயக்கருக்கு இடம் கிடைத்தது. 1954-இல் காமராஜர் மந்திரிசபையில் படையாச்சியாருக்கு இடம் கிடைத்தது. கட்சிகள் இரண்டும் காங்கிரஸிற் கரைந்தன. மந்திரி பதவி பெற்றது குலத்துக்கு லாபமா, கட்சி கரைந்தது நஷ்டமா என்று இன்றும் அந்தப் பக்கத்தில் முதியோர் வாதிடுவதைக் கேட்கலாம். ஆந்திர தேசத்தில் நடிகர் சிரஞ்சீவி அவர்கள் 2008-இல் தொடங்கிய கட்சி, அடுத்த ஆண்டு 18 இடங்கள் பெற்று, 2011-இல் காங்கிரஸோடு கலந்தது; அவர் டில்லியில் மந்திரியானார். விஜயகாந்த் அவர்களை இவர்களோடு ஒப்பிடுங்கால் ஒன்றை அவர் கணக்கில் வரவு வைக்கவேண்டும். பதவிக்காகத் தமது கொடியை அவர் மற்றொருவர் கொடியோடு சேர்த்துத் தைக்கவில்லை. தோற்றார், விற்கவில்லை.

இதுகாறும் கூறியவை ராஜீயக் கணக்கு. ஆனால் 2023-ஆம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி மணப்பாக்கத்து மருத்துவமனையொன்றில் அவர் உயிர் நீத்ததும், மறுநாள் தீவுத்திடலிலிருந்து கோயம்பேடு வரையில் அவர் உடலைத் தொடர்ந்து சென்ற ஜனத்திரளை நோக்கினால், அரை வீத வாக்குக் கட்சியின் தலைவர் ஒருவருக்கு இத்தனை பேர் ஏன் அழுதனர் என்ற வினா எழாமற் போகாது. வாக்களிக்காதவரும் அழுதனர். அவ்வழுகைக்குக் காரணம் தேர்தல் ஏடுகளில் இல்லை.

அஃது அவர் இட்ட சோற்றில் இருக்கிறது. படப்பிடிப்புத் தலங்களில் நாயகருக்கு ஒரு சாப்பாடும், விளக்குத் தூக்குவோருக்கும் பெட்டி சுமப்போருக்கும் வேறொரு சாப்பாடுமாக இருந்த வழக்கத்தை மாற்றித் தாம் உண்பதையே யாவரும் உண்ணச் செய்தார் என்று அவரோடு வேலை செய்தோர் பலர் சாக்ஷி கூறுகின்றனர். இதனைச் சிறு விஷயமென்று எண்ணற்க. 1924, 1925-ஆம் வருஷங்களில் சேரன்மாதேவி குருகுலத்தில் ஒரு சில மாணாக்கருக்குத் தனிப்பந்தி வைத்ததை முன்னிட்டுத் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரு கூறாய்ப் பிளந்தது. எந்த இலையில் யார் உண்பது என்பதைக் கொண்டே நம் முன்னோரின் மானமும் அவமானமும் அளக்கப்பட்டன. சமபந்தி போஜனத்துக்காக அக்காலத்துச் சங்கங்கள் மகாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்றின. இவர் தீர்மானம் ஒன்றும் இயற்றாமல் இலையைப் போட்டார். நமது சங்கத்து விசேஷங்களில் வாசலில் பந்தல் கட்டுவோரும் பாத்திரம் துலக்குவோரும் எப்பொழுது உண்கின்றனர், எதை உண்கின்றனர் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு இவரைப்பற்றிப் பேசலாம்.

தரமணித் திரைப்படக் கல்லூரியிற் பயின்று வெளிவந்த வாலிபர்களை நம்புவார் இல்லாதிருந்த நாளில், அவர்களை நம்பி 'ஊமை விழிகள்' படத்தில் 1986-இல் நடித்தார். கட்சியிலும் இதே நம்பிக்கையை அறியா வாலிபர் மீது வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இன்னொன்று. 2020 ஏப்ரலில் கொரோனா நோயால் இறந்த வைத்தியர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல், சென்னை நகரத்தில் ஜனங்கள் கல்லும் கட்டையும் கொண்டு வண்டியைத் தாக்கினர். நோயாளிக்கு வைத்தியம் செய்து மாண்டவருக்கு ஆறடி மண் மறுக்கப்பட்ட அந்த வாரத்தில், விஜயகாந்த் அவர்கள், செங்கற்பட்டுக்குத் தெற்கே மாமண்டூரிலுள்ள தமது என்ஜினீரிங் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியை இத்தகையோரை அடக்கம் செய்யத் தருவதாக அறிவித்தார். நாம் நாள்தோறும் கடக்கும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே அந்நிலம் இருக்கிறது. தம் கல்லூரிக்குப் பிள்ளைகள் வருவார்களோ வாராரோ என்ற வியாபாரக் கணக்கை அவர் பார்க்கவில்லை. இடுகாட்டுக்குப் பாதை விடாமல் ஊர் இரண்டுபட்டுப் பிணத்தை நடுவழியில் இறக்கி வைத்த சம்பவங்களை நம் நாடு இன்றும் கண்டு வருகிறது. அவற்றில் ஒவ்வொரு குலத்தாரும் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றிருக்கின்றனர். அப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் தாமே முன்வந்து, எம் நிலத்தில் புதையுங்கள் என்றது, அவர் சட்டசபையில் பேசத் தவறிய பேச்சுக்களுக்கெல்லாம் ஓரளவு ஈடு என்றே நாம் கருதுகிறோம். முழு ஈடாகாது என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம்.

நோயைப்பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி வருஷங்களில் அவர் நா தடுமாறிற்று, நடை தளர்ந்தது. அதனைப் படமாக்கிக் கைப்பேசியில் பரப்பிப் பரிகசித்தவர் எத்தனை பேர்! பத்திரிகைக்காரரை அவர் 2015-இல் பொதுவிடத்தில் காறியுமிழ்ந்து அவமதித்தது கண்டிக்கத் தக்கதே. பரிகாசத்துக்குச் சிறிது அவரும் இடம் கொடுத்தார். ஆயினும் கோபத்தைக் கண்டிப்பது வேறு, வியாதியைக் கண்டு சிரிப்பது வேறு. சிரித்தவரிற் பலரே பின்னர்க் கண்ணீர் அஞ்சலிப் படங்களையும் பரப்பினர். நமது வாலிபர் இவ்விரண்டு கூட்டத்திலும் சேராதிருத்தல் நன்று. 2024-இல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அதனை அவர் மனைவியார் வாங்கிக்கொண்டார். அவ்வாண்டுத் தேர்தலில் விருதுநகரில் நின்ற அவர் மைந்தர் 4,379 வாக்குகளில் தோல்வியுற்றார். தகப்பனாரின் பெயருக்கு அந்தச் சீமையில் மதிப்புத் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு அது சாக்ஷி.

அவர் முதல் தேர்தலில் கூறிய வாக்குறுதிகளில் ஒன்று, ரேஷன் பொருள்களை ஏழைகளின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. சினிமா வசனம் என்று அன்று நகைத்தனர். 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு சர்க்கார், எழுபது வயது கடந்த முதியோருக்கும் அங்கஹீனருக்கும் வீட்டிலேயே ரேஷன் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. சொன்னவர் வேறு, செய்தவர் வேறு. மேற்குத் தாம்பரத்தில் மாடிப்படி இறங்க இயலாத நம் பாட்டிமாருக்கு அரிசி வந்தது. அவர்களுக்கு அது போதும். தோற்ற கட்சியின் வாக்குறுதியை வென்ற கட்சி எடுத்துக்கொள்வது உலக வழக்கம். வாக்காளர் கொடுத்த வாக்கு முழுதும் வீண் போகவில்லை என்று சொல்லுவதற்கு இதுவும் ஓர் ஆதாரம்.

இப்பொழுது நம் வாலிபர் கொண்டுவந்த தீர்மானத்துக்கு வருவோம். பிறந்த ஊர்களில் நாம் தெருத் தெருவாகக் குவிந்து வாழ்ந்தோம். அங்கே மொத்த வாக்கு என்ற பேச்சுக்குப் பொருளுண்டு. தாம்பரத்திலோ ஒரு தெருவுக்கு இரண்டு வீடு, ஓர் அடுக்குமாடிக்கு ஒரு குடும்பம் என்று சிதறியிருக்கிறோம். 2009-இல் அவருக்கு வாய்த்த நிலைமையே இங்கே நமக்கும் வாய்த்திருக்கிறது. வாக்கு உண்டு, குவிவு இல்லை. இல்லாத குவிவை இருப்பதாகக் காட்டி ஒரு கட்சிக்கு உறுதி கூறுவோமாயின், அக்கட்சிக்காரர் நமக்கு ஒரு மேடையும் ஒரு மாலையும் தருவார். நம்மவர் இருவர் அவரோடு படம் எடுத்துக்கொள்வர். முடிச்சூர் வாய்க்கால் அடைபட்டபடியே இருக்கும். வாலிபரின் ஆர்வத்தை நாம் குறை கூறவில்லை. சங்கம் ராஜீயத்தில் வாய்மூடி இருக்கவேண்டும் என்பதும் நமது அபிப்பிராயமன்று.

ஆகையால் அத்தீர்மானத்தில் 'உறுதி கூறுவது' என்ற வாசகத்தை நீக்கி, அதன் இடத்தில் மூன்று வாசகங்களைச் சேர்க்குமாறு திருத்தம் கொண்டுவருகிறோம். தாம்பரம், பல்லாவரம் தொகுதிகளில் நிற்கும் எல்லா அபேக்ஷகரையும், பெருங்கட்சி சிறு கட்சி என்ற பேதமின்றி, தேர்தலுக்கு முன் இச்சங்க மண்டபத்துக்கு அழைப்பது. அடையாற்றுக் கரை, மழைநீர் வாய்க்கால், இடுகாட்டுப் பாதை ஆகிய மூன்றைக் குறித்து அவர்களிடம் எழுத்து மூலம் விடை வாங்கி இப்பத்திரிகையில் அச்சிடுவது. வென்றவர் சட்டசபைக்கு எத்தனை நாள் சென்றார், நமது பகுதியைப் பற்றி என்ன கேட்டார் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை விசாரித்து அதனையும் அச்சிடுவது. அக்கிராசனர் அவர்கள் இத்திருத்தத்தைச் சபை முன் வைக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். வாலிபர் சார்பில் எவரேனும் இதனை ஆமோதிப்பாராயின் நமக்கு மிகுந்த சந்தோஷம்.